இந்திய நிலத்துக்கு எத்தனை மண்டலங்கள்?

தட்பவெப்பம், மண், நில அமைப்பு, இயற்கைத் தாவரம் ஆகியவற்றில் ஒத்த தன்மையுள்ள நிலங்களை ஒன்றாகச் சேர்த்து, மாறுபடும் நிலங்களிலிருந்து பிரித்து, எல்லையிட்டு வரைபடத்தில் பதிவதே நிலச் சூழல் மண்டல வகைப்பாடு. மாநிலமும் மாவட்டமும் ஏற்கெனவே இருக்கும்போது இன்னொரு பிரிவினை எதற்கு என்று கேட்கலாம். கோயம்புத்தூர் மாவட்டமே அதற்குப் பதில். அதன் வால்பாறை மலைப்பகுதியில் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் மழை கொட்டுகிறது. மலையிறங்கி வடக்கே வந்தால், மழை மறைவில் இருக்கும் கோவை நகருக்குக் கிடைப்பது சுமார் 700 மி.மீ.தான். மேலே மழைக்காடும் தேயிலையும். கீழே சோளமும் முள்மரமும். இரண்டுக்கும் ஆட்சியர் ஒருவரே என்றாலும், பயிர்த் திட்டமும் காட்டுத் திட்டமும் ஒன்றாக இருக்க வழியில்லை.

ஒரு மாவட்டத்துக்குள்ளேயே இப்படியென்றால், 32.87 லட்சம் சதுர கிலோமீட்டர் பரந்த நாட்டில் வேறுபாடு எவ்வளவு இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. லடாக்கின் லே நகரில் ஆண்டு மழை 100 மி.மீ. அளவில் நின்றுவிடுகிறது. மேகாலயத்தின் மௌசின்ராமில் அது 11,000 மி.மீ.யைத் தாண்டுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் தார் பாலைவனம், கங்கைச் சமவெளியின் வண்டல், தக்காணத்தின் கரிசல், கொங்கணக் கரையின் செம்புறை மண், அந்தமானின் பசுமைமாறாக் காடு எல்லாம் உண்டு.

இவற்றை எத்தனை மண்டலங்களாகப் பிரிப்பது? வனவியலாளர் 16 காட்டு வகைத் தொகுதிகள் என்பார். வனவிலங்கு ஆய்வாளரின் கணக்கு 10 உயிர்ப்புவியியல் மண்டலங்கள். மண் ஆய்வாளர்கள் 20 என்றார்கள், பிறகு அதையே நுணுக்கி 60 ஆக்கினார்கள். திட்டக்குழு 15 என்றது. வேளாண் ஆராய்ச்சி நிலையங்கள் 127 என்கின்றன. இவற்றில் எதுவும் மனம்போன போக்கில் வந்ததல்ல. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு விடையாக வரையப்பட்டது. கேள்வி மாறும்போது கோடும் இடம் மாறுகிறது. எந்தக் கேள்விக்காக வரைந்தது என்பதை மறந்துவிட்டு ஒரு வரைபடத்தை வேறு காரியத்துக்கு எடுத்தால் நிலத்துக்குக் கேடு வரும். இந்தியாவில் அப்படி வந்தும் இருக்கிறது.

காட்டிலிருந்து தொடங்கிய கணக்கு

நாட்டை இயற்கை அடிப்படையில் பிரித்துப் பார்க்கும் முயற்சியைத் தொடங்கியவர்கள் தாவரவியலாளர்கள். பிரிட்டிஷ் இந்தியாவின் தாவரங்களைத் தொகுத்த ஜோசப் டால்டன் ஹூக்கர், எந்த இனங்கள் எங்கே மிகுதி என்பதை வைத்து நாட்டைத் தாவரப் பகுதிகளாக வகுத்தார். செடிகளின் பட்டியலிலிருந்து பிறந்த அந்தப் பிரிவு வனத்துறைக்குப் போதவில்லை. காடு எத்தனை உயரம் வளர்கிறது, கோடையில் இலை உதிர்க்கிறதா, எவ்வளவு மழையில் நிற்கிறது, வெட்டினால் மறுபடி எப்படித் தழைக்கும் என்பவையே வனத்துறைக்குத் தெரியவேண்டியவை. ஹாரி ஜார்ஜ் சாம்பியன் 1936இல் இந்தியா, பர்மா காடுகளின் வகைகள் குறித்த முதற்கட்ட ஆய்வை வெளியிட்டார். எஸ்.கே. சேத்துடன் சேர்ந்து 1968இல் அதைத் திருத்தி விரிவாக்கினார். இந்திய வனத்துறை இன்றும் அந்த வகைப்பாட்டின்படியே காடுகளைப் பெயரிடுகிறது.

அதன் முறை எளிதில் விளங்கக்கூடியது. முதலில் வெப்பம்: வெப்பமண்டலம், மலையின் மிதவெப்பப் பகுதி, குளிர் மலைப்பகுதி, பனிக்கோட்டை ஒட்டிய பகுதி எனப் பெரும்பிரிவுகள். அடுத்து ஈரம்: மழை குறையக் குறைய, பசுமைமாறாக் காடு, பாதி பசுமைமாறாக் காடு, ஈர இலையுதிர் காடு, வறண்ட இலையுதிர் காடு, முட்காடு என்று வரிசை இறங்குகிறது. இப்படி வந்த 16 தொகுதிகளுக்குள் இடத்தையும் மண்ணையும் முக்கிய மரங்களையும் பார்த்து இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் பிரிக்கப்பட்டன. நீலகிரி, பழனி மலைகளின் சோலைக்காட்டுக்கு இதில் தென்னிந்திய மலைக் குளிர்ப்பகுதி ஈரக்காடு என்ற இடம் கிடைத்தது.

இந்த வரிசைக்குள் அடங்காத ஒரு காடு தமிழகக் கடற்கரையில் இருக்கிறது. சோழமண்டலக் கரையில் ஆண்டின் பாதிக்கு மேல் வறட்சி. மழையை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் அங்கே இலையுதிர் காடுதான் இருந்திருக்க வேண்டும். ஆனால் வீரை, காயா, பாலை போன்ற மரங்கள் அடர்ந்து, உயரத்தில் குறைந்து, ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்கும் காடு அங்கே உண்டு. கோடியக்கரையிலும், புதுச்சேரி, விழுப்புரம், கடலூர்ப் பகுதிகளின் கோயில் காடுகளிலும் அதன் எச்சங்கள் மிஞ்சியுள்ளன. சாம்பியனும் சேத்தும் இதற்கு வறண்ட பசுமைமாறாக் காடு என்று பெயரிட்டுத் தனித் தொகுதியாகவே வைத்தார்கள். மொத்த மழையளவைப் போலவே அது பெய்யும் மாதமும் முக்கியம் என்பதை இந்தச் சிறிய காடு காட்டுகிறது. வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழும் காட்டைத் தென்மேற்குப் பருவமழையின் அளவுகோலால் அளக்க முடியாது.

இந்த வகைப்பாட்டில் பெரிய குறை ஒன்று உண்டு. காடு வகுக்க வந்தவர்களின் பார்வையில் மரமே அளவுகோல். மரம் குறைந்த புல்வெளிகளில் பலவற்றை, தீயாலும் மேய்ச்சலாலும் சிதைந்த காட்டின் ஒரு நிலை என்று அவர்கள் குறித்தார்கள். அதன் விளைவு கடைசியில் வருகிறது.

புதுச்சேரியில் வரைந்த படங்கள்

1955இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இந்தத் துறைக்குச் செய்த பணி தமிழ் வாசகர்கள் பலருக்குத் தெரியாது. அது தெரிந்திருக்க வேண்டிய பணி. பிரான்சின் துலூஸ் நகரத் தாவரவியலாளர் ஆன்ரி கோசன் வழிகாட்ட, பியேர் லெக்ரி, வி.எம். மெஹர்-ஹோம்ஜி முதலானோர் தீபகற்ப இந்தியாவின் தாவர, சூழல் வரைபடங்களை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து வரைந்தார்கள். அளவு 10 லட்சத்தில் ஒன்று. படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிலத்தில் ஒரு கிலோமீட்டர். முதலில் வந்தது கன்னியாகுமரிப் படம், 1961இல். தமிழகத்தின் தென்பாதியும் கேரளமும் அதில் அடங்கின. பிறகு மெட்ராஸ், மைசூர், பம்பாய் என ஒவ்வொன்றாக வெளிவந்தன.

வறட்சியை அளக்கக் கோசன் வைத்திருந்த விதி பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். ஒரு மாதத்தின் மழையை மில்லிமீட்டரில் எடுக்க வேண்டும். அந்த மாதத்தின் சராசரி வெப்பத்தைச் செல்சியஸில் எடுத்து இரண்டால் பெருக்க வேண்டும். மழை அந்த எண்ணைத் தாண்டாவிட்டால் அது வறண்ட மாதம். சராசரி வெப்பம் 28 பாகை உள்ள மாதத்தில் 56 மி.மீ.யோ அதற்குக் குறைவோ பெய்தால் அது வறண்ட மாதமே. வெயில் கூடினால் அதே மழை போதாமல் போகிறது என்ற நடைமுறை உண்மை இந்த ஒரு பெருக்கலுக்குள் வந்துவிடுகிறது. ஆண்டில் இப்படி எத்தனை மாதங்கள் தொடர்ந்து வருகின்றன என்று எண்ணி, குளிர்மாத வெப்பத்தையும் மழைப் பருவத்தையும் சேர்த்து உயிர்க்காலநிலை வகுக்கப்பட்டது. வறண்ட சூழலுக்கு மஞ்சள், ஆரஞ்சுச் சாயல்களும் ஈரச் சூழலுக்கு நீலமும் தரப்பட்டன.

இந்தப் படங்களில் ஒரு முக்கியமான வேறுபாடு பேணப்பட்டது. இன்று அந்த நிலத்தில் என்ன இருக்கிறது என்பது ஒன்று; மனிதத் தலையீடு இல்லாமல் விட்டால் காலப்போக்கில் அங்கே எந்தத் தாவரம் தழைக்கும் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு நேரில் பார்த்து விடை சொல்லலாம். இரண்டாவதற்கு, மழை, மண், மிஞ்சியிருக்கும் துண்டுக் காடுகள் ஆகியவற்றை வைத்து ஊகிக்கத்தான் முடியும். புதுச்சேரிப் படங்கள் இரண்டையும் காட்டின. பிற்காலத்தில் இங்கிருந்தே ஜான்-பியேர் பாஸ்கல் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கு இரண்டரை லட்சத்தில் ஒன்று என்ற நுணுக்கமான அளவில் படங்களை உருவாக்கினார்.

பயிருக்கு எத்தனை நாள் ஈரம்?

உழவருக்குத் தேவையான விடை வேறு. விதைத்த நாளிலிருந்து எத்தனை நாள் மண்ணில் ஈரம் நிற்கும் என்பதே மானாவாரி விவசாயத்தின் அடிப்படைக் கேள்வி. மொத்த மழையளவு இதற்கு விடை சொல்லாது. 800 மி.மீ. இரண்டு மாதத்தில் கொட்டித் தீர்த்தால் ஒரு கதை. ஐந்து மாதம் பரவிப் பெய்தால் வேறு கதை. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 1970களில் இதற்கு ஒரு முறையைக் கொடுத்தது. வெயிலும் காற்றும் சேர்ந்து நிலத்திலிருந்தும் பயிரிலிருந்தும் இழுக்கக்கூடிய நீரின் அளவை முதலில் கணக்கிட வேண்டும். பெய்யும் மழை அதில் பாதியைத் தாண்டும்போது பயிர்வளர் காலம் தொடங்குகிறது. மழை மறுபடி அந்தப் பாதிக்குக் கீழே இறங்கிய பிறகும் காலம் உடனே முடிந்துவிடாது. மண்ணில் சேர்ந்திருக்கும் நீர் தீரும்வரை பயிர் தாக்குப்பிடிக்கும். அந்தச் சேமிப்பு 100 மி.மீ. என்றும், நாளொன்றுக்கு 4 மி.மீ. செலவாகிறது என்றும் வைத்தால், இன்னும் 25 நாள் கிடைக்கும்.

மண் இங்கேதான் உள்ளே வருகிறது. ஆழமான கரிசல் மண் ஒரு மீட்டர் ஆழத்துக்குள் பிடித்துவைக்கும் நீர், அதே ஆழமுள்ள மணற்பாங்கான செம்மண் பிடிப்பதைப் போல இரண்டு மடங்கோ அதற்கு மேலோ இருக்கும். கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலில் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பிறகும் பருத்தியும் சோளமும் உளுந்தும் நின்று விளைவது இந்தச் சேமிப்பால்தான். அதே மழையை வாங்கும் ஆழமில்லாத செம்மண்ணில் பயிர் முன்கூட்டியே வாடிவிடும். ஆகவே ஒரே மழைக்கோட்டில் இருக்கும் இரண்டு ஊர்கள் வேறு வேறு மண்டலத்தில் விழலாம்.

நாக்பூரில் உள்ள தேசிய மண்ணாய்வு, நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல் அமைப்பு இந்த முறையை நாடு முழுவதற்கும் பொருத்திப் பார்த்தது. நில அமைப்பு, மண், உயிர்க்காலநிலை, பயிர்வளர் காலம் ஆகிய நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, 1992இல் 20 வேளாண் சூழல் மண்டலங்களை அது வெளியிட்டது. 1999இல் அவை 60 துணை மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டன. இதற்குப் பின்னால் இருந்த உழைப்பு பெரிது. மாநிலம் மாநிலமாக மண்ணாய்வுக் குழுக்கள் குறித்த இடங்களில் ஒன்றரை, இரண்டு மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டினார்கள். குழிச் சுவரில் தெரியும் மண் அடுக்குகளை ஒவ்வொன்றாக அளந்து, நிறத்தை வண்ணப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, களியா மணலா என்று விரலால் தேய்த்துப் பார்த்து, சுண்ணாம்பு இருக்கிறதா என்று அமிலத் துளி விட்டுச் சோதித்து, மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். வரைபடத்தின் ஒவ்வொரு வண்ணத் திட்டும் இப்படிப்பட்ட குழிகளை நம்பி நிற்கிறது.

இந்த 20இல் மூன்றாவது மண்டலம் தனியாகச் சொல்லத்தக்கது. ஆந்திரத்தின் அனந்தபூர், கர்நாடகத்தின் பெல்லாரியைச் சுற்றியுள்ள தக்காணத்தின் வறள் நிலம் அது. பாலைவனம் என்றால் ராஜஸ்தான் நினைவுக்கு வரும் நாட்டில், தென்னிந்தியாவின் நடுவிலும் ஒரு வறள் மண்டலம் இருப்பதை இந்தப் படம் ஐயமின்றிக் காட்டியது. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையிலிருந்து உள்ளே வருவதற்குள் வலுவிழக்கிறது. பயிர்வளர் காலம் 90 நாளைக்கூட எட்டாத அந்த நிலத்தில் பல தலைமுறைகளாக நிலக்கடலை போட்டு இழப்பைச் சந்தித்து வருகிறார்கள் விவசாயிகள்.

தமிழ்நாடு பெரும்பாலும் மூன்று மண்டலங்களில் அடங்குகிறது: உள்நாட்டு மேட்டுநிலம் எட்டாவது மண்டலம், கிழக்குக் கடற்கரைச் சமவெளியும் காவிரிப் படுகையும் பதினெட்டாவது, மேற்கு மலைகள் பத்தொன்பதாவது. மேட்டுநிலத்துக்குள்ளும் தெற்கே பயிர்வளர் காலம் 90 முதல் 120 நாள், வடக்கே 120 முதல் 150 நாள் என்று துணை மண்டலங்கள் பிரிகின்றன. 110 நாளில் முடியும் ரகமா, 140 நாள் ரகமா என்று தேர்வு செய்ய வேண்டிய விதை ஆராய்ச்சியாளருக்கு இந்த 30 நாள் வேறுபாடே எல்லாம்.

127 என்ற எண் இன்னொரு தேவையிலிருந்து வந்தது. 1979இல் தொடங்கிய தேசிய வேளாண் ஆராய்ச்சித் திட்டம், ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் ஆராய்ச்சி நிலையம் பொறுப்பேற்க வேண்டும் என்பதற்காக மாநிலங்களை நுணுக்கிப் பிரித்தது. தமிழ்நாட்டுக்கு ஏழு: வடகிழக்கு, வடமேற்கு, மேற்கு, காவிரிப் படுகை, தெற்கு, அதிக மழைப் பகுதி, மலைப்பகுதி. இதில் அதிக மழைப் பகுதி என்பது கன்னியாகுமரி மாவட்டம். இந்த எல்லைகள் மாவட்ட, வட்ட எல்லைகளை ஒட்டியே போகின்றன. சூழலியல் கண்ணுக்கு இது குறைதான். ஆனால் விளைச்சல் புள்ளிவிவரம், உரம், கடன், காப்பீடு எல்லாம் மாவட்ட வாரியாகவே வருவதால், நடைமுறைக்கு இதுவே கைகொடுக்கிறது. 1988இல் திட்டக்குழு வகுத்த 15 வேளாண் காலநிலை மண்டலங்களும் அப்படியே. மாநிலங்களைத் தாண்டி முதலீட்டைத் திட்டமிட அவை உருவாயின.

விலங்குக்கான வரைபடம்

டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் டபிள்யூ.ஏ. ராஜர்சும் எச்.எஸ். பன்வாரும் 1988இல் நாட்டை 10 உயிர்ப்புவியியல் மண்டலங்களாகப் பிரித்தார்கள். சரணாலயங்களும் தேசியப் பூங்காக்களும் சில வகை நிலங்களிலேயே குவிந்து, மற்றவை பாதுகாப்பின்றிக் கிடக்கின்றனவா என்று சரிபார்ப்பதே நோக்கம். அதனால் இமயமலைக்கு அப்பால் உள்ள குளிர்ப் பாலைவனம் தனி மண்டலம் ஆயிற்று. பனிச்சிறுத்தையின் உலகம் அது. நாட்டின் நிலப்பரப்பில் 4 சதவீதமே உள்ள மேற்குத் தொடர்ச்சி மலையும் தனி மண்டலம், 42 சதவீதம் பரந்த தக்காணமும் ஒரே மண்டலம். பரப்பைப் பார்த்தால் இது விகிதக்குறைவாகத் தோன்றும். வேறெங்கும் இல்லாத தவளைகளும் மீன்களும் செடிகளும் அந்த 4 சதவீதத்துக்குள் எத்தனை என்று பார்த்தால் இந்தப் பிரிவு நியாயமானதே.

மேலிருந்து பார்ப்பது

1988 மார்ச்சில் ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோள் ஏவப்பட்ட பிறகு இந்தப் பணியின் வேகமே மாறிவிட்டது. தாவரம் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்புகிறது. இந்த இரண்டின் விகிதத்திலிருந்து பசுமையின் அளவு தெரிகிறது. ஒரே காட்டை மழை முடிந்த மாதத்திலும் கோடையிலும் படமெடுத்து ஒப்பிட்டால், இலையுதிர் காடு எது, பசுமைமாறாக் காடு எது என்று பிரித்துவிடலாம். இப்படிப்பட்ட படங்களையும் 15,000க்கு மேற்பட்ட இடங்களில் நேரில் எடுத்த தாவரக் கணக்கையும் கொண்டு, பி.எஸ். ராய் தலைமையில் நாடு தழுவிய ஆய்வுக்குழு 100 தாவர வகைகளைக் காட்டும் வரைபடத்தை 50,000இல் ஒன்று என்ற அளவில் உருவாக்கி, 2015இல் வெளியிட்டது.

இருந்தாலும் செயற்கைக்கோள் மட்டும் போதாது. இந்திய வன ஆய்வகத்தின் வரையறைப்படி, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரக்கவிப்பு 10 சதவீதத்தைத் தாண்டினால் அது வனப்பரப்பு. அந்த நிலம் யாருக்குச் சொந்தம், அங்கே நிற்பது என்ன மரம் என்ற கேள்விகள் இதில் இல்லை. தென்னந்தோப்பும் தைலமரத் தோட்டமும் இதன்படி வனப்பரப்பில் சேர்ந்துவிடுகின்றன. மரக்கவிப்பு எவ்வளவு என்ற கேள்விக்கு இது சரியான விடை. காடு எவ்வளவு என்ற கேள்விக்கு அல்ல. வனப்பரப்பு கூடியது என்று செய்தி வரும்போது இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்தே படிக்க வேண்டும்.

கோடு எங்கே விழும்?

வரைபடத்தில் மண்டல எல்லை ஒரு கோடு. நிலத்திலோ பெரும்பாலும் அப்படி ஒரு கோடு இருப்பதில்லை. மழை மெல்ல மெல்லக் குறைகிறது. மரங்கள் ஒவ்வொன்றாக மாறுகின்றன. பத்து, இருபது கிலோமீட்டர் அகலத்துக்கு இரண்டு மண்டலங்களின் தன்மையும் கலந்து கிடக்கிறது. மலைச்சரிவு, ஆற்றுப்படுகை, பாறை மாறும் இடம் போன்றவற்றில் மட்டுமே எல்லை கூர்மையாக இருக்கும். எத்தனை மண்டலம் என்பதும் நாட்டின் பரப்பைவிட வரைபடத்தின் நுணுக்கத்தையே சார்ந்தது. இந்தியாவில் ஐம்பதில் ஒரு பங்குதான் இலங்கை. ஆனால் ஈரவலயம், இடைவலயம், உலர்வலயம் என்ற மூன்று பெரும்பிரிவுகளை மண்ணாலும் உயரத்தாலும் மழைப்போக்காலும் பிரித்து, 46 வேளாண் சூழல் பிரதேசங்கள் அங்கே வகுக்கப்பட்டுள்ளன. யாழ்ப்பாணத்துக்கும் நுவரெலியாவுக்கும் ஒரே அறிவுரை செல்லாது என்பதால் அந்த நுணுக்கம் அங்கே தேவைப்பட்டது.

கோடு சட்டமாகும்போது சண்டை வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையை ஆராய்ந்த மாதவ் காட்கில் குழு 2011இல் மலைத்தொடர் முழுவதையும் சூழல் உணர்திறன் கொண்டதாகக் கருதி, ஏறத்தாழ 9 கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டங்களாகப் பிரித்து மதிப்பிட்டு மூன்று அடுக்காக வகுத்தது. 2013இல் கஸ்தூரிரங்கன் குழு, ஊர்களும் தோட்டங்களும் உள்ள பகுதியைத் தனியாக ஒதுக்கி, இயற்கை நிலமாக மிஞ்சிய சுமார் 37 சதவீதத்தை, அதாவது 60,000 சதுர கிலோமீட்டர் அளவை மட்டும் கிராம வாரியாகக் குறித்தது. ஒரே மலைக்கு இரண்டு படங்கள். முதல் குழுவின் பார்வையில் ஊரும் தோட்டமும் மலையின் சூழலில் ஒரு பகுதி. இரண்டாம் குழு இயற்கையாக மிஞ்சியதை மட்டும் காக்க முனைந்தது. இந்த இரண்டாம் படத்தை ஒட்டிய அரசின் வரைவு அறிவிக்கை 2014இல் வந்தது. 2024 ஜூலையில் ஆறாவது முறையாக வரைவு வெளியானது.

மண்டலங்களும் நிலையாக நிற்பதில்லை. ஹைதராபாத்தின் மத்திய மானாவாரி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1971 முதல் 2005 வரையிலான தரவுகளைக் கொண்டு மாவட்ட வாரியாகக் காலநிலையை மறுபடி வகுத்து, 2013இல் வெளியிட்டார்கள். குஜராத்தில் வறள் பகுதி விரிந்திருந்தது. தமிழ்நாடு, மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் முன்பு ஓரளவு ஈரமானவை எனக் குறிக்கப்பட்ட மாவட்டங்கள் சில அரைவறள் நிலைக்கு இறங்கியிருந்தன. அரை நூற்றாண்டுக்கு முந்தைய மழைக்கணக்கில் வரைந்த எல்லையை வைத்துக்கொண்டு இன்றைய பயிர்க்காப்பீட்டை முடிவு செய்வது விவசாயிக்கு அநீதி.

தரிசு என்று குறிக்கப்பட்ட புல்வெளி

தவறான படத்தை எடுத்ததால் வந்த கேட்டுக்குப் பெரிய சான்று புல்வெளிகள். நிலவரி வசூலிக்க வந்த பிரிட்டிஷ் ஆட்சி, வரி தராத நிலத்தைப் பயனற்ற நிலமாகப் பதிந்தது. அந்தப் பார்வை சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்தது. 2019இல் வெளியான தேசியத் தரிசுநில வரைபடத் தொகுப்பின்படி நாட்டில் சுமார் 5.58 கோடி ஹெக்டேர், கிட்டத்தட்ட 17 சதவீதம், தரிசு. அதன் 23 வகைகளில் புதர்நிலம், மணல்மேடு, பாறைநிலம் ஆகியவற்றோடு பனிமூடிய நிலமும் பனியாறும்கூட உண்டு. கங்கைக்கு நீர் தரும் பனியாற்றைத் தரிசுக் கணக்கில் வைக்கும் பட்டியல், எங்கே உழவு நடக்கும் என்ற ஒரே கேள்வியிலிருந்து பிறந்தது. சூழலைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

விளைவுகள் கண்கூடு. நீலகிரி, பழனி மலைகளின் புல்வெளிகள் வெற்றிடமாகக் கருதப்பட்டு, சீகை எனப்படும் வாட்டில், யூகலிப்டஸ், பைன் மரங்கள் அங்கே நடப்பட்டன. மழைநீரைப் பிடித்துவைத்து ஓடைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் நிலம் அது. வரையாடு மேயும் இடமும் அதுவே. 1973க்கும் 2017க்கும் இடையில் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்மலைப் புல்வெளியில் ஏறத்தாழ 340 சதுர கிலோமீட்டரை அயல்மரங்கள் விழுங்கிவிட்டதாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு கண்டது. குஜராத்தின் பன்னிப் புல்வெளியில் 1960களில் நடப்பட்ட சீமைக் கருவேலம் மால்தாரி மக்களின் எருமை மேய்ச்சலை நெருக்கிவிட்டது. தக்காணத்திலும் ராஜஸ்தானிலும் புல்வெளியை நம்பி வாழும் கானமயில் அழிவின் விளிம்பில் இருக்கிறது.

2022இல் எம்.டி. மதுசூதனும் அபி வனக்கும் அரைவறள் இந்தியாவின் திறந்தவெளி இயற்கை நிலங்களை முதன்முறையாக நுணுக்கமாக வரைந்து வெளியிட்டார்கள். புல்வெளி, புதர்நிலம், மரம் சிதறிய வெளி எல்லாம் சேர்ந்து 3 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் வந்தது. ஓநாயும் நரியும் வெளிமானும் வாழ்வது அங்கேதான்; மகாராஷ்டிரத்தின் தங்கர், குஜராத், ராஜஸ்தானின் ரபாரி முதலிய மேய்ச்சல் சமூகங்கள் ஆடுமாடு ஓட்டிச் செல்வதும் அங்கேதான். அதில் பெரும்பகுதி அரசுக் கணக்கில் தரிசு. எனவே மரம் நடும் திட்டமோ சூரிய மின்பூங்காவோ வரும்போது, யாருக்கும் இழப்பில்லாத இடம் என்று முதலில் விரல் வைக்கப்படுவது அந்த நிலத்தின் மீதுதான்.

இதைத் திருத்துவதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. படம் தயாராக இருக்கிறது. மண் விவரமும் மழைக்கணக்கும் இருக்கின்றன. அடுத்த தரிசுநிலத் தொகுப்பு வரும்முன், இயற்கைப் புல்வெளியும் புதர்நிலமும் பனியாறும் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, தனி நில வகைகளாகப் பதிவுபெற வேண்டும். மத்திய அரசின் நிலவளத் துறையும் மாநில வருவாய்த் துறைகளும் இதைச் செய்ய வேண்டும். ஊருக்குப் பக்கத்தில் மேய்ச்சல் புறம்போக்கு உள்ளவர்கள், அந்த நிலம் அரசுப் பதிவேட்டில் எந்தப் பெயரில் இருக்கிறது என்று இப்போதே விசாரித்து வைப்பது நல்லது.